வெளிநாட்டிலிருந்து வந்த வீரர் ஏன் உடனே கோல் அடிப்பதில்லை?

"அண்ணா, இத்தன கோடி குடுத்து வாங்கியிருக்கானுவ, இன்னும் ஒரு கோல் அடிக்கல்ல. இவன வித்துப்போட்டா என்ன?"

குமரி மாவட்டத்தில், தூத்தூர் பக்கம் எங்கள் ஊர் மன்றத்தில், சனிக்கிழமை இரவு டிவி முன்னால் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கேட்டவனுக்குப் பதினான்கு வயது. மாலையில் கடற்கரை மணலில் பந்து ஆடிவிட்டு, கால் கழுவியும் கழுவாமலும் வந்து உட்காருவான். போன சீசனில் வேறு நாட்டில் கோல் மழை பொழிந்த ஒரு வீரரை அவனுடைய பிரியமான கிளப் வாங்கியிருந்தது. பையனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாதம் போனதும் அந்தச் சந்தோஷம் கோபமாகிவிட்டது.

அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான பதிலை டிவி வர்ணனையாளர்கள் நிதானமாகச் சொல்வதில்லை. "இன்னும் செட் ஆகவில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள். செட் ஆவது என்றால் என்ன? எது எதோடு செட் ஆக வேண்டும்? ஐரோப்பியக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கும் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

அடிப்படையிலிருந்து வருவோம். லீக் என்பது ஒரு நாட்டின் கிளப்புகள் ஒரு சீசன் முழுக்க ஆடும் தொடர். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, அவர்கள் மைதானத்தில் ஒருமுறை ஆடும். இங்கிலாந்தின் ப்ரீமியர் லீக்கில் 20 அணிகள் இருப்பதால் ஆளுக்கு 38 ஆட்டங்கள். ஜெர்மனியின் பண்டஸ்லிகாவில் 18 அணிகள், 34 ஆட்டங்கள். ஒரு கிளப்போடு ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை வேறு கிளப் எடுக்க வேண்டுமென்றால் பழைய கிளப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். பையன் சொன்ன "இத்தன கோடி" இதுதான். அது வீரருடைய பைக்குப் போவதில்லை. அவருக்குச் சம்பளம் தனி. விலையை நிர்ணயிப்பவர்கள் இரண்டு கிளப்புகள். கோல் வராதபோது அந்த விலைக்காகத் திட்டு வாங்குபவர் மட்டும் வீரர்.

எந்த நாட்டுக்குப் போனாலும் 11 பேர், 90 நிமிடம், அதே அளவுப் பந்து, அதே விதிப்புத்தகம். அப்படியிருக்க, அங்கே முப்பது கோல் அடித்தவருக்கு இங்கே மூன்று கோல் அடிப்பது ஏன் கஷ்டமாகிறது?

இதற்கு என் கால் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பந்து பழகியது மணலில். எங்கள் கரையில் எல்லோரும் அப்படித்தான். மணலில் பந்து உருளாது. தரையோடு தட்டினால் ஐந்தாறு அடி போய்ப் படுத்துவிடும். அதனால் நாங்கள் பந்தைக் கோரித் தூக்கிக் கொடுப்போம். எதிரே வரும் பந்தை நிறுத்த பெரிய வித்தை தேவையில்லை, மணலே பாதி நிறுத்திவிடும், மீதிக்கு காலைக் கெட்டியாக வைத்தால் போதும். பத்தொன்பது வயதில் சென்னையில் ஒரு டிவிஷன் அணியில் சேர்ந்தேன். முதல் நாள் பயிற்சியில் எனக்கு வந்த முதல் பாஸ், நடுக்கோட்டருகே, தரையோடு, சாதாரண வேகத்தில். ஊரில் வைப்பதுபோலவே காலை வைத்தேன். பலகையில் பட்டதுபோல் பந்து தெறித்து மூன்றடி தள்ளிப் போனது. அந்த மூன்றடிக்குள் எதிரில் நின்றவன் புகுந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த பந்தை வலது ஓரம் ஓடிய கூட்டாளிக்குக் கொடுத்தேன். ஊரில் அந்த உதைக்குப் பந்து சரியாக அவன் காலடியில் போய் நின்றிருக்கும். இங்கே அது அவனையும் தாண்டி, கோட்டையும் தாண்டி, வேலியில் போய் இடித்தது.

பயிற்சியாளர் என்னைப் பற்றிச் சொன்னது, "உடம்பு இருக்கு, டெக்னிக் இல்ல." அது உண்மையல்ல. என்னிடம் டெக்னிக் இருந்தது. ஆனால் அது மணலுக்கான டெக்னிக். கணுக்கால் இளகி, வரும் பந்தோடு காலும் கொஞ்சம் பின்னால் போய் அதை வாங்கிக்கொள்ளப் பழக எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் என் இடத்தில் வேறொருவர் நின்றுவிட்டார். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. புதிதாக வந்த ஒரு வீரரைப் பார்த்து யாராவது "வேஸ்ட்" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று தைப்பது அதனால்தான்.

ஐரோப்பாவின் பெரிய லீக்குகளுக்கு நடுவே மணலுக்கும் புல்லுக்கும் உள்ள அளவு வித்தியாசம் கிடையாது. ஆனால் வித்தியாசம் நடக்கும் விதம் அதேதான். வீரரின் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. "பந்து என்னிடம் வந்தபின் எதிரி என்னைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதை அது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். பத்து வருடம் ஒரே லீக்கில் ஆடியவருக்கு அந்தக் கணக்கு யோசிக்காமலே வரும். எதிரணியினர் பின்வாங்கி, தங்கள் கோலுக்கு முன்னால் சுவர்போல் நின்று காத்திருக்கும் பழக்கம் உள்ள லீக் என்றால், பந்தை வாங்கி, நிமிர்ந்து, சுற்றிப் பார்த்து, பிறகு முடிவெடுக்கலாம். பந்து பறிபோன நொடியிலேயே மூன்று பேராகப் பாய்ந்து நெருக்கும் லீக் என்றால், நிமிரும்போதே பந்து போயிருக்கும். இந்தப் பாய்ச்சலைத்தான் பிரஸ்ஸிங் என்கிறார்கள்.

இதில் வித்தியாசம் அரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். அது பெரிதாகத் தெரியாது. ஆனால் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடி வரும் ஒருவர் அரை விநாடியில் மூன்றரை மீட்டர் கடந்துவிடுவார். அதாவது, புது வீரர் "இன்னும் இரண்டு ஆள் தூரம் தள்ளி நிற்கிறான்" என்று நினைக்கும்போது அவன் ஏற்கெனவே மேலே மோதியிருப்பான். பையன்களுக்கு இதைப் புரியவைக்க மணலில் இரண்டு சிப்பியை மூன்றரை மீட்டர் இடைவெளியில் வைத்துக் காட்டினேன். "அவ்வளவு தூரமா?" என்று வாய்பிளந்தார்கள்.

உதாரணம் கேட்டால் ஏராளம். தியரி ஹென்றி 1999-ல் இத்தாலியின் யுவென்டஸிலிருந்து இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு வந்தபோது முதல் எட்டு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. அந்த சீசன் முடியும்போது எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 26 கோல். ஆர்சனலை விட்டுப் போகும்போது அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர். பத்ரிஸ் எவ்ரா 2006 ஜனவரியில் மொனாக்கோவிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். அவருடைய முதல் ஆட்டமே பக்கத்து ஊர்க்காரர்களான மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக. திணறிப்போனவரை இடைவேளையிலேயே வெளியே எடுத்தார்கள், அணியும் 3-1 எனத் தோற்றது. அந்த 45 நிமிடத்தை மட்டும் பார்த்தவர் எவ்ராவை எழுதித் தள்ளியிருப்பார். அவர் அந்தக் கிளப்போடு ஐந்து முறை லீக் பட்டம் வென்றார். திதியே த்ரோக்பா இன்னோர் இங்கிலாந்து கிளப்பான செல்சிக்கு வந்த 2004-05 சீசனில் லீக்கில் அடித்தது 10 கோல். 2006-07-ல் 20 கோலோடு, ப்ரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி அவருக்குக் கிடைத்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2004-ல், ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதை வாங்கிய உக்ரைன் வீரர் ஆந்திரி ஷெவ்சென்கோ, 2006-ல் ஏசி மிலானிலிருந்து செல்சிக்கு வந்தார். இத்தாலியில் கோல்களைக் குவித்த அந்த மனிதர் முதல் லீக் சீசனில் அடித்தது வெறும் 4. அவருக்கு அந்தக் கடிகாரம் கடைசிவரை சரியாகவில்லை. வரும்போதே முப்பதை நெருங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயது ஏறினால் புதுப் பழக்கம் கால்களில் இறங்குவது சிரமம்.

கேரளத்துச் செவன்ஸ் ஆட்டம் பார்த்தவர்களுக்கு இந்தக் கடிகார விஷயம் இன்னும் எளிதாகப் புரியும். மலப்புறம் பக்கம் மழைக்காலம் முடிந்தபின் ஊர் ஊராக, விளக்கு வெளிச்சத்தில், மூங்கில் கேலரி கட்டி ஏழு பேர் ஆட்டம் நடக்கும். எங்கள் கரையிலிருந்தும் பையன்கள் போய் ஆடுவது உண்டு. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வீரர்கள் வந்து ஆடுகிறார்கள். நைஜீரியாவோ கானாவோ எந்த நாட்டுக்காரர் என்றாலும் அங்கே அவர்களுக்குப் பெயர் "சுடானி" என்பதுதான். ஒருவருடைய ஊர்ப்பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாமல் கூப்பிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. அது கிடக்கட்டும். செவன்ஸ் மைதானம் சிறியது, ஆட்ட நேரமும் குறைவு. யாருக்கும் எங்கும் இடம் கிடைக்காது, ஆட்டம் முழுக்க உரசல்தான். அங்கே ராஜாவாகத் திரிந்த பையன் பதினொரு பேர் ஆட்டத்துக்கு வந்தால் என்ன செய்வான்? பந்து இருக்கும் பக்கமே ஓடுவான். எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே போய் நின்று காத்திருக்க அவனுக்குக் கை கால் பரபரக்கும். பதினொன்றிலிருந்து ஏழுக்குப் போகிறவனுக்கு எதிர்ச் சிக்கல். பந்து வந்தபின் யோசிக்கலாம் என்று நின்று, நசுங்கிப் போவான். இரண்டு பேரில் யாருக்கும் திறமைக் குறைவு இல்லை.

வேகம் ஒரு பக்கம். அடுத்தது, அணி அவரை எங்கே நிறுத்துகிறது என்பது. டிவியில் பார்ப்பவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்த மைக்கேல் சூசைராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நாடு விட்டுப் போகவில்லை. ஆனால் நம் நாட்டு லீக்குகளில் ஒன்றான ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்காக ஆடிவிட்டு 2018-ல் இன்னொரு லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆட ஜம்ஷெட்பூருக்குப் போனார், அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். முன்னால் நின்று தாக்கி ஆடிப் பழகிய அவரை, ஏடிகேயின் ஸ்பானியப் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் இடது விங்-பேக் ஆக்கினார். விங்-பேக் என்றால் கோட்டோரமாக மைதானத்தின் முழு நீளமும் அவருடைய பொறுப்பு. தாக்கும்போது முன்களத்தில் இருக்க வேண்டும், பந்து போனதும் தன் கோல் பக்கம் ஓடிவந்து தடுக்க வேண்டும். அதே கால், அதே திறமை, ஆனால் வேலை வேறு. அதைக் கற்றுக்கொண்டுதான் 2019-20-ல் ஏடிகே அணி ஐஎஸ்எல் கோப்பையை வென்றபோது அந்த அணியின் முக்கியமான ஆட்களில் ஒருவராக இருந்தார். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம் பட்டு விழுந்தபோது எங்கள் மன்றத்தில் டிவியை யாரும் அணைக்கவுமில்லை, பேசவுமில்லை.

ஹென்றி கதையிலும் இது உண்டு. இத்தாலியில் அவரை ஓரத்தில் ஆட வைத்தார்கள். ஆர்சனலில் பயிற்சியாளர் வெங்கர் அவரை நடுவே, கோலுக்கு நேராகக் கொண்டுவந்தார். ஆக, அந்த எட்டு ஆட்டங்களில் அவர் புது நாட்டை மட்டுமல்ல, ஒரு புது வேலையையும் கற்றுக்கொண்டிருந்தார்.

நடுவர்களும் மாறுகிறார்கள். இங்கிலாந்தில் தோளோடு தோள் மோதினால் ஆட்டம் தொடரும் என்பதே பொதுவான வழக்கம். ஸ்பெயினிலோ இத்தாலியிலோ விசில் வந்துவிடும் இடத்தில் இங்கே வராது. புதியவர் கையை விரித்துக்கொண்டு நடுவரைப் பார்த்து நிற்பார். பந்து மறு பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

நாட்காட்டியும் மாறுகிறது. ஜெர்மனியில் டிசம்பர் கடைசியில் லீக்குக்கு விடுமுறை. இங்கிலாந்தில் அந்த நாட்களில்தான் ஆட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆட்டம் அங்கே நெடுநாள் வழக்கம். எங்கள் கரையில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆழ்கடல் போன படகுகூட கிறிஸ்துமஸுக்குக் கரை வந்து சேர்ந்துவிடும். வீட்டில் அம்மா கையால் சாப்பிட வேண்டிய நாளில் ஒருவர் பயிற்சி மைதானத்தில் குளிரில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

குளிர் என்றதும் நம் நாட்டின் பழைய கதை ஒன்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கியில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 10-1. அதன்பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்ற நிலை இங்கே வந்தது. தரை, வெப்பநிலை, காலில் போட்டிருப்பது எல்லாம் சேர்ந்ததுதான் ஆட்டம் என்பதை நாம் அன்றே அடிபட்டுத் தெரிந்துகொண்டோம்.

இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு இது தலைகீழ். ஐஎஸ்எல் ஆட வரும் ஐரோப்பியருக்கு முதல் எதிரி நம் கடலோர நகரங்களின் புழுக்கம். வெயில்கூடப் பரவாயில்லை, புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. கடற்கரையில் ஓடிப் பழகிய நம் பையன்களுக்கே அக்டோபர் மாதச் சென்னையில் மூச்சு வாங்கும். அப்படியும் 2014-ல், ஐஎஸ்எல்லின் முதல் சீசனிலேயே, சென்னையின் அணிக்கு ஆடிய பிரேசில்காரர் எலானோ 8 கோல் அடித்து அதிக கோலுக்கான பரிசை வாங்கினார். எப்படி? அவர் அதற்கு முன்பே உக்ரைனிலும் இங்கிலாந்திலும் துருக்கியிலும் ஆடியவர். புது ஊரில் போய் நிற்பதே அவருக்குக் கைவந்த பழக்கம். அதே சீசனில் டெல்லிக்கு ஆடிய, உலகக்கோப்பை வென்ற இத்தாலிய மேதை தெல் பியரோ அடித்தது ஒரே கோல். அவருக்கு அப்போது நாற்பது வயது ஆகிக்கொண்டிருந்தது. எலானோவையும் அவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் விஷயம். வீடு.

ஹெசுஸ் நவாஸ் என்ற ஸ்பானிய வீரரை உங்களுக்குத் தெரியுமா? செவில்லா நகருக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர், செவில்லா கிளப்பில் ஆடியவர். சிறுவயதில் வீட்டை விட்டு வெளியூர் பயிற்சி முகாமுக்குப் போனாலே அவருக்குப் பதற்றம் வந்து உடம்பு நடுங்கும், பாதியில் திரும்பி வந்துவிடுவார். பெரிய கிளப்புகள் கேட்டும் அவரால் போக முடியவில்லை. தேசிய அணிக்குப் போவதே பிரச்சினையாக இருந்தது. மெல்ல மெல்ல, உதவியோடு, அதிலிருந்து வெளியே வந்தார். 2010 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் வென்ற அந்த ஒரே கோலுக்கான தொடக்கம், மாற்று ஆளாக வந்த நவாஸின் ஓட்டம்தான். 2013-ல் மான்செஸ்டர் சிட்டிக்கே போனார், அங்கே லீக் பட்டமும் வென்றார், நான்கு சீசன் இருந்துவிட்டு 2017-ல் தன் செவில்லாவுக்குத் திரும்பினார். உலகக்கோப்பை வென்ற காலுக்கே வீட்டை விட்டுப் போவது இவ்வளவு பாடு என்றால், பத்தொன்பது வயதில் கண்டம் தாண்டிப் போகும் ஒரு பையன் என்ன பாடுபடுவான்?

எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை. அதே செவில்லாவிலிருந்து 2004-ல் ஆர்சனலுக்குப் போன ஹோசே அந்தோனியோ ரேயெஸ், அந்த சீசனில் ஒரு தோல்வியும் இல்லாமல் லீக் வென்ற அணியில் இருந்தும் லண்டனில் மனம் ஒட்டாமல் இரண்டரை வருடத்தில் ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டார். ஆஞ்சல் தி மரியா 2014-ல் பிரிட்டனில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலைக்கு ரியல் மாட்ரிட்டிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். சில மாதங்களில் அவருடைய வீட்டில் திருடர்கள் புக முயன்றார்கள். ஒரே சீசனில் குடும்பத்தோடு பாரிஸுக்குப் போய்விட்டார். "விலைக்கேற்ற ஆட்டம் ஆடவில்லை" என்று எழுதியவர்கள், ராத்திரி தூங்க முடியாத வீட்டைப் பற்றி எத்தனை வரி எழுதினார்கள்?

மொழியும் வீட்டுக்குள் மட்டும் இருக்கும் விஷயமல்ல. எங்கள் மணலில் ஒருவன் பந்தை வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தால் கூட்டாளிகள் கத்துவது "ஆளு! ஆளு!" என்றுதான். காது கேட்ட நொடியில் கால் பந்தைத் தட்டிவிடும். அந்தச் சொல்லை மனதுக்குள் மொழிபெயர்க்க அவனுக்கு நேரமில்லை. முன்னே சொன்ன அரை விநாடி இங்கேயும் வருகிறது. புது நாட்டில், புது மொழியில், அறுபதாயிரம் பேர் கத்தும் இரைச்சலில் அந்த ஒற்றைச் சொல் புரியாமல் போனால் பந்து போயிற்று. தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் இன்னும் மோசம். கத்த வேண்டியவர்களே அவர்கள்தான்.

எங்கள் ஊர் ஆட்கள் கொச்சியிலிருந்தும் மங்களூரிலிருந்தும் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். துறைமுகம் அந்நியம், கடல் அந்நியம். ஆனால் படகில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே ஊர், அல்லது பக்கத்து ஊர். சமைப்பது நம் குழம்பு, பேசுவது நம் பேச்சு. அதனால்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். தன்னந்தனியாக வேற்றுப் படகில் ஏறியவர்கள் முதல் தங்கலிலேயே நொந்து திரும்பிய கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

கால்பந்திலும் இது அப்படியே நடந்ததைத் தமிழ்நாட்டிலேயே பார்த்தோம். 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூர் நேரு மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. சாந்த்ரோ, நெஸ்தோர், எஸ்லாவா, பெத்ரோ மான்சி என்று ஸ்பானிய மொழி பேசும் ஆட்கள் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். யாரும் உலகப்புகழ் பெற்றவர்கள் இல்லை. ஆனால் தனியாள் இல்லை. சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பந்தைத் தரையோடு, குட்டைப் பாஸ்களாக நகர்த்தும் ஆட்டத்தை ஆட வைத்தார். அது அவர்கள் சிறுவயதிலிருந்து பழகிய ஆட்டம். மான்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச்சில் கடைசி ஆட்டத்தில் மினெர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்று பட்டத்தையும் எடுத்தார்கள். புதியவர் ஊருக்குப் பழகியது பாதி, ஊர் அவர்களுக்கு இடம் கொடுத்தது பாதி. செட் ஆவது இரண்டு பக்கமும் நடக்க வேண்டிய வேலை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இப்போது பெரிய கிளப்புகளில் இதற்கென்றே ஆள் இருக்கிறார். வீடு பார்ப்பது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கு மருத்துவர், வங்கிக் கணக்கு, மொழி வகுப்பு எல்லாம் அவர் பொறுப்பு. முன்பெல்லாம் சாவியைக் கையில் கொடுத்து, "நாளைக்குப் பத்து மணிக்குப் பயிற்சி" என்று சொல்லி விட்டுவிடுவார்களாம்.

"அப்படின்னா ஹாலண்ட் மட்டும் எப்படி அண்ணா?" என்று அந்தப் பதினான்கு வயதுக்காரன் மடக்கினான். நல்ல மடக்கு. எர்லிங் ஹாலண்ட் 2022-ல் ஜெர்மனியிலிருந்து மான்செஸ்டர் சிட்டிக்கு வந்து முதல் சீசனிலேயே 36 லீக் கோல் அடித்துச் சாதனை படைத்தார். அவருடைய அப்பா இங்கிலாந்தில் ஆடியவர், இவர் பிறந்ததே அங்கே லீட்ஸில். மொழி பிரச்சினை இல்லை. வந்து சேர்ந்தது ஏற்கெனவே பட்டம் வென்றுகொண்டிருந்த, பந்தைக் கோல் வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் அணி. அவருடைய வேலையும் மாறவில்லை. அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. மற்றவர்கள் கடக்க வேண்டிய நாலைந்து சுவர்களில் பல அவருக்கு முன்னால் இல்லை என்கிறேன்.

அப்படியானால் எவ்வளவு காலம் பொறுப்பது? என் கணக்கில் ஒரு முழு சீசன். ஜனவரியில் வந்தவர் என்றால் அந்த அரை சீசனைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். லூகா மோட்ரிச் 2012-ல் ரியல் மாட்ரிட்டுக்கு வந்த சில மாதங்களில், மாட்ரிட்டின் மார்கா பத்திரிகை நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் மிக மோசமான வரவு என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே மோட்ரிச் அந்தக் கிளப்போடு, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை ஆறு முறை வென்றார், 2018-ல் பாலோன் டோரும் வாங்கினார். சில பேருக்கு ஒரு சீசன் போதாது, ஒரு சுற்றே தேவைப்படும். முகமது சலா 2014-ல் செல்சிக்கு வந்து லீக்கில் அடித்தது இரண்டே கோல். பிறகு இத்தாலியில் வளர்ந்து, 2017-ல் லிவர்பூலுக்கு வந்த முதல் சீசனில் 32 கோல். நம் சுனில் சேத்ரியும் 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் 'பி' அணிக்குப் போய் சில ஆட்டங்களோடு திரும்பியவர்தான். இந்தியாவுக்காக 90-க்கு மேல் கோல் அடித்த கால் அது.

கோல் எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள் என்று பையன்களிடம் சொன்னேன். பந்து வருவதற்கு முன்பே அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாரா? முதல் மாதத்தில் ஒருமுறை பார்த்தவர் மூன்றாம் மாதத்தில் மூன்று முறை பார்த்தால், உள்ளே கடிகாரம் திருத்தப்படுகிறது என்று அர்த்தம். கூட்டாளிகள் அவரைத் தேடிப் பாஸ் கொடுக்கிறார்களா, அல்லது அவர் கை தூக்கி நின்றும் வேறு பக்கம் கொடுக்கிறார்களா? பந்து பறிபோனதும் தலையைக் குனிந்து நிற்கிறாரா, திரும்பி ஓடுகிறாரா? மாற்று ஆளை இறக்கும்போது கோச் அவர் தோளில் கைபோடுகிறாரா என்றுகூடப் பார்ப்பேன்.

போன சனிக்கிழமை அவர்கள் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பதினான்கு வயதுக்காரன் தன் கிளப்பின் புது ஆளுக்கு மட்டும் தனிப்பக்கம் போட்டு, தலை திருப்பும்போதெல்லாம் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தான். கோல் அன்றைக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மணலில் ஆட்டம் தொடங்கியது. கரைப்பக்கம் நின்றவன் பந்தை அவனுக்குக் கோரித் தூக்கினான். பந்து காற்றில் இருக்கும்போதே அவன் ஒருமுறை இடது தோளுக்கு மேல் பார்த்தான், ஒருமுறை வலது தோளுக்கு மேல். பின்னால் ஓடி வந்தவன் தொடுவதற்குள் பந்து அவன் காலிலிருந்து போயிருந்தது.